இனிப்பே தொடாத எனக்கு ஏன் சொத்தைப் பல்?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை. இனிப்புப் பண்டங்களைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. குளிர்பானமும் குடிப்பதில்லை. தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். காலையில் வெந்நீரில் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து குடித்த கையோடு பல் தேய்ப்பேன். வேலை நேரத்தில் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் காபி இருக்கும். கப்புக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரைதான். பசித்தால் உலர்திராட்சை, இரண்டு மூன்று பிஸ்கட். தும்மல் அலர்ஜிக்கு இரவில் ஒரு மாத்திரை. போன மாதம் பல் டாக்டரிடம் போனபோது மூன்று சொத்தை இருக்கிறது, முன்பற்களும் தேய்ந்திருக்கின்றன என்றார். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. நான் என்ன தப்பு செய்தேன்? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா? என் 6 வயது மகனுக்கும் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக இருக்கிறது. பால் பல்தானே, விழுந்துவிடும் என்கிறார்கள் வீட்டில். படுக்கையில் சர்க்கரை போட்ட பால் குடிக்காமல் அவன் தூங்கமாட்டான்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்களைப் போல அக்கறையோடு பல்லைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சொத்தை வரும்போது மனசு கஷ்டப்படத்தான் செய்யும். ‘இவ்வளவு செய்தும் இப்படியா’ என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் காரணமும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் சர்க்கரையின் அளவு உண்மையிலேயே குறைவு. ஆனால் உங்கள் பற்களுக்கு ஓய்வு என்பதே கிடைக்கவில்லை. ஒரு நாளில் எத்தனை முறை வாய்க்குள் சர்க்கரையோ புளிப்போ போகிறது, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. கிராம் கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

எப்படி என்று சொல்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் பல்லின் மேல் கிருமிகள் ஒரு மெல்லிய படிவாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நாம் சர்க்கரை சாப்பிட்டால் அதை அவையும் சாப்பிட்டு அமிலத்தை வெளிவிடும். 1940களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆட்களைச் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கவைத்து, அந்தப் படிவின் அமிலத்தன்மையை நிமிடக் கணக்கில் அளந்து பார்த்தார். சில நிமிடங்களிலேயே அமிலம் ஏறிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆனது. அமிலத்தை அளக்கும் கணக்குக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேல் உறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குப் பிறகு எச்சில் அந்த அமிலத்தை மெல்ல முறித்து, தன்னிடம் உள்ள கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். கரைவதும் நிறைவதும் எல்லோர் வாயிலும் தினமும் நடக்கிற விஷயம்தான். கரைகிற நேரம் அதிகமாகி, நிறைகிற நேரம் குறைந்துபோனால்தான் சொத்தை.

இப்போது உங்கள் பிளாஸ்க்கைப் பார்ப்போம். 9 மணிக்கு ஒரு வாய், 9.20க்கு ஒரு வாய், ஒரு போன் பேசி முடித்துவிட்டு இன்னொரு வாய். முதல் வாயின் அமிலம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. காயப் போட்ட துணியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நனைத்தால் அது எப்போது காயும்? ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை ஒரே மூச்சில் குடித்து முடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அதையே பத்து இருபது வாயாக நாள் முழுக்க நீட்டினால், சாயங்காலம் வரை எனாமல் கரைந்துகொண்டே இருக்கும். நடுநடுவே வரும் திராட்சையும் பிஸ்கட்டும் மிச்சமிருந்த இடைவெளியையும் அடைத்துவிடுகின்றன.

இதற்கு ஒரு பழைய, வேதனையான சாட்சியும் உண்டு. ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற மனநல நிலையத்தில் 1940களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, பல வகையில் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. ஒட்டிக்கொள்ளும் மிட்டாயைச் சாப்பாட்டுக்கு இடையில் சாப்பிட்டவர்களுக்கு எக்கச்சக்கமாக வந்தது. அந்த மனிதர்களுக்குச் செய்தது பெரிய அநியாயம். இன்று அப்படி ஓர் ஆய்வை யாரும் அனுமதிக்கமாட்டார்கள். ஆனால் ‘இடையில் கொறிக்காதே’ என்று பல் டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்குப் பின்னால் அவர்கள் இழந்த பற்கள் இருக்கின்றன என்பதை நான் மறப்பதில்லை.

அதனால் ‘இனிப்பே சாப்பிடுவதில்லை’ என்பதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். தேனும் சர்க்கரைதான். பழுப்புச் சர்க்கரை, பழச்சாறு எல்லாம் பல்லுக்கு ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. ஒரு நாளின் மொத்தச் சக்தியில் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்கிறது அது. அந்த 5 சதவீதம் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. 330 மில்லி கோலா டின் ஒன்றிலேயே ஏறக்குறைய 35 கிராம் இருக்கும் என்பதால், அதை விட்டது நீங்கள் செய்த நல்ல காரியம். அப்படியே தொடருங்கள்.

உலர்திராட்சை உடம்புக்கு நல்லது என்று நினைத்துத்தான் சாப்பிடுகிறீர்கள். ஆனால் தண்ணீர் வற்றிப்போய் சர்க்கரை செறிந்த, பிசுபிசுப்பான பண்டம் அது. கடைவாய்ப் பல்லின் மேல்பக்கத்தில் இருக்கும் குறுகலான பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்தால் பிரஷ்ஷின் நாரும் அங்கே எட்டாது. பிஸ்கட்டும் அப்படித்தான். ஒரு பிஸ்கட் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து நாக்கால் கடைவாயைத் துழாவிப் பாருங்கள், மாவு இன்னும் அங்கேயே இருக்கும். இனிப்பில்லாத பிஸ்கட், சிப்ஸ் என்றாலும் தப்பிக்க முடியாது. வெந்த மாவுச்சத்தை எச்சிலே சர்க்கரையாக உடைத்துக் கிருமிகளுக்குக் கொடுத்துவிடும். உண்மையைச் சொன்னால், மதியச் சாப்பாட்டோடு ஒரு இனிப்பை ஆசையாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு மற்ற நேரத்தில் வெறும் தண்ணீர் குடித்திருந்தால் உங்கள் பற்கள் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது சொத்தையைப் பற்றி. முன்பற்கள் தேய்ந்தது வேறு கதை. அதில் கிருமிகளுக்குப் பங்கே இல்லை. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 முதல் 2.5 வரைதான். தண்ணீர் கலந்தாலும் 5.5க்குக் கீழேயே நிற்கும். நேராக எனாமலின் மேல் பட்டு அதைக் கரைக்கும். எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள், ஆனால் அதற்குள் உயிரணுக்கள் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் வளரும், எனாமல் போனால் போனதுதான்.

அதைவிட என்னை அதிகம் கவலைப்படவைப்பது, அதைக் குடித்த கையோடு நீங்கள் பல் தேய்ப்பது. புளிப்பு பட்டவுடன் எனாமலின் மேல்தளம் சற்று நேரம் மிருதுவாக இருக்கும். அந்த நேரத்தில் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தால், எச்சில் சரிசெய்திருக்கக்கூடிய அந்த மெல்லிய அடுக்கு உரிந்து வந்துவிடும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் தெரியும். ஒரு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, மேல் முன்பற்களின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிறதா, லேசாகச் சாம்பல் நிறமா? பல்லின் நடுப்பகுதி முன்பைவிட மஞ்சளாக இருக்கிறதா? முன்னே எப்போதாவது அடைத்த பல் இருந்தால் அதன் மேல் நாக்கை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள பல் கரைந்து, அடைத்த இடம் மட்டும் சின்ன மேடாகத் தட்டுப்படும். இதெல்லாம் புளிப்பு அரித்ததன் அடையாளங்கள். அந்த மஞ்சளைக் கறை என்று நினைத்து, கரித்தூள், உப்பு, எலுமிச்சையும் சோடா மாவும் என்று போட்டுத் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எனாமல் மெலிந்து, உள்ளே இருக்கும் டென்டின் தெரிவதால் வரும் மஞ்சள் அது. தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளாகும்.

டென்டினில் நரம்பை நோக்கிப் போகும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. மேல் மூடி மெலிந்ததும் குளிர்ச்சி பட்டால் அந்தக் குழாய்களுக்குள் இருக்கும் திரவம் அசைகிறது, நரம்பு துடிக்கிறது. உங்கள் பல் கூச்சத்தில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். சொத்தையாலும் கூச்சம் வரலாம் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது உங்கள் டாக்டரின் வேலை.

எலுமிச்சைத் தண்ணீரையே விட்டுவிட வேண்டுமா என்றால், விட்டால் நல்லது என்பதுதான் என் கருத்து. அது உடம்பைச் சுத்தம் செய்யும் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். எலுமிச்சை வேண்டும் என்றால் சாப்பாட்டின் மேல் பிழிந்து சாப்பிடுங்கள். குடித்தே ஆக வேண்டும் என்றால் தேன் இல்லாமல், காலை உணவோடு, வாயில் வைத்துக் கொப்பளிக்காமல் சட்டென்று குடித்துவிட்டு, வெறும் தண்ணீரால் வாயை அலசிவிடுங்கள். எடை குறைப்பதற்காகக் குடிக்கும் வினிகர் தண்ணீருக்கும், சர்க்கரை இல்லாத டயட் குளிர்பானங்களுக்கும், விளையாட்டு பானங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். சர்க்கரை இல்லை என்பது சொத்தையைத்தான் தடுக்கும், புளிப்பு அரிப்பதைத் தடுக்காது. பல் தேய்ப்பதைக் காலையில் எழுந்தவுடன், எதுவும் குடிப்பதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். புளிப்பு பட்ட பிறகுதான் தேய்க்க முடியும் என்றால் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

காபியை விடச் சொல்லமாட்டேன். வேலைக்கு நடுவில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, சர்க்கரையை விட்டுவிடுங்கள். அப்புறம் எத்தனை வாய் குடித்தாலும் சொத்தைக் கணக்கில் பெரிதாக வராது. கறை படியலாம், அது சுத்தம் செய்யக்கூடியது. தேநீரும் இப்படித்தான், சர்க்கரை இல்லாத தேநீரால் கறைதான் பிரச்சினை, பல்லுக்குக் கெடுதல் இல்லை. இல்லை, சர்க்கரை இல்லாமல் முடியாது என்றால் பிளாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று நேரம் வைத்து, உட்கார்ந்து பத்து நிமிடத்தில் குடித்து முடியுங்கள். மேசையில் பிளாஸ்க் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்தாலே பாதிச் சண்டை முடிந்த மாதிரி.

கொறிக்க ஏதாவது வேண்டுமே என்றால், சர்க்கரை பூசாத பருப்பு வகைகள், ஒரு துண்டு சீஸ். சீஸில் கால்சியம் இருக்கிறது, மெல்லும்போது எச்சிலும் நிறைய ஊறும், வாயின் அமிலம் வேகமாக அடங்கும். முழுப் பழத்தைச் சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடலாம். ஆப்பிள் கடித்தால் பல் சுத்தமாகும் என்பது மட்டும் உண்மையில்லை. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மைச் சாப்பாட்டுக்குப் பின் சிறிது நேரம் மெல்லுவது நல்ல பழக்கம். அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால், சொத்தைக் கிருமிகளால் அதை அமிலமாக மாற்ற முடியாது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்களுக்கு விஷம்.

அடுத்து உங்கள் அலர்ஜி மாத்திரை. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கோ அது முக்கியமாகப் பட்டது. பல அலர்ஜி மாத்திரைகள் வாயை வறளவைக்கும். மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் பலவும், ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். தூங்கும்போது சாதாரணமாகவே எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். அதற்கு மேல் மாத்திரையும் சேர்ந்தால், படுப்பதற்கு முன் வாயில் ஒட்டியிருக்கும் எதையும் கழுவிவிட இரவு முழுக்க ஆள் இல்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். வாய் வறட்சியைச் சொல்லி, வேறு மாத்திரை மாற்ற முடியுமா என்று அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். தொண்டை வறண்டால் மிட்டாய் போட்டுச் சப்பாதீர்கள்.

இரவில் பல் தேய்ப்பதுதான் அந்த நாளின் கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்தானா என்று டியூபின் பின்புறம் பாருங்கள். அதன் அளவு 1000 முதல் 1500 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) வரை இருப்பதை வாங்குங்கள். தேய்த்த பின் நுரையைத் துப்பிவிட்டால் போதும், தண்ணீர் விட்டுப் பல முறை கொப்பளிக்க வேண்டாம். நிறையப் பேருக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் கரைந்த இடத்தில் கால்சியத்தைத் திரும்பச் சேர்க்க உதவுவதே பல்லின் மேல் மிஞ்சும் அந்த ஃபுளோரைடுதான், அதைக் கழுவி ஊற்றிவிட்டால் என்ன பயன்?

கால்சியம் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முளைத்து முடிந்த பல்லின் எனாமலுக்கு ரத்த ஓட்டம் இல்லை. நீங்கள் விழுங்கும் கால்சியம் அங்கே போய்ச் சேராது. எலும்புக்காக உங்கள் மருத்துவர் கொடுத்தால் சாப்பிடுங்கள், சொத்தைக்காக வேண்டாம்.

சரி, மகனுக்கு வருவோம். ‘பால் பல்தானே’ என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். முன்பக்கத்துப் பால் பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. அதுவரை சொத்தையோடு விட்டால் வலி, சீழ், சாப்பிட முடியாமல் தவிப்பு என்று குழந்தைதான் அனுபவிக்கும். முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து, கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, நீங்கள் பார்த்த அந்தக் கறுப்புப் பல் பால் பல்தானா? 6 வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால், அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல் அது. ஒரு டார்ச் வெளிச்சத்தில் மகனை வாய் திறக்கச் சொல்லி, நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பால் பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல். அப்படியே மேல் உதட்டையும் தூக்கி, ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சொத்தையின் முதல் கட்டம் அது. குழி விழுவதற்கு முன் அந்த நிலையில் பிடித்துவிட்டால் திருப்ப முடியும்.

இரவுப் பாலை ஒரேயடியாக நிறுத்தினால் வீடு ரணகளமாகும், தெரியும். முதலில் படுக்கையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு மாற்றுங்கள். பிறகு சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இரண்டு மூன்று வாரத்தில் இல்லாமல் ஆக்குங்கள். பால் குடித்த பிறகு பல் தேய்த்துவிட்டு, கதையோ பாட்டோ ஏதாவது ஒன்று அந்தப் பாலின் இடத்துக்கு வரட்டும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். 7, 8 வயது வரை நீங்களே தேய்த்துவிடுங்கள், பின்பற்களைச் சரியாகத் தேய்க்கும் கைப்பழக்கம் அவனுக்கு இன்னும் வந்திருக்காது. பள்ளிக்குப் பழச்சாறு கொடுப்பதாக இருந்தால் அதையும் தண்ணீராக மாற்றிவிடுங்கள். 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில், தனியாகச் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் 4 தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். புதிய கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மூடி ஒரு மெல்லிய பூச்சு போட முடியும், வலிக்காது. பல் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

உங்கள் மூன்று சொத்தைகளைத் தள்ளிப்போடாமல் அடைத்துவிடுங்கள். குழி விழுந்த பல் சாப்பாட்டை மாற்றுவதால் மட்டும் மூடாது. கூச்சத்துக்கு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் கிடைக்கிறது. இரண்டு மூன்று வாரம் விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும், நான்கு நாளில் கைவிடாதீர்கள். மென்மையான பிரஷ் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். குளிர்ச்சி பட்டு ஒரு நொடி கூசி நின்றுவிட்டால் பயமில்லை. சூடாகச் சாப்பிட்ட பிறகு வலி பல நிமிடம் நீடித்தாலோ, நடு இரவில் வலி எழுப்பினாலோ நரம்பு வரை போயிருக்கலாம். கன்னம் வீங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள்.

போவதற்கு முன் நான்கு நாள், வாய்க்குள் போனது அத்தனையையும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் காபி, இரண்டு திராட்சை, எதையும் விடாமல் எழுதுங்கள். அதில் ஒரு நாளாவது விடுமுறை நாளாக இருக்கட்டும், அன்றைக்குப் பழக்கம் மாறும். மகனுக்கும் தனியாக ஒரு தாள். அடிக்கடி நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ இருந்தால் அதையும் சேருங்கள், வயிற்றிலிருந்து மேலேறும் அமிலம் மேல் பற்களின் உள்பக்கத்தை அரிக்கும். அலர்ஜி மாத்திரையின் பெயரையும் எழுதி, எல்லாவற்றையும் உங்கள் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.